யானுஷ் கோர்ச்சாக்: பிள்ளைகளை விட்டுப் போகாத ஆசிரியர்

போன வருடம், ஜேர்மனியில் இருக்கும் என் அக்காவின் மகள் போலந்துக்குப் போயிருந்தாள். அங்கிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். மரங்கள் சூழ்ந்த ஒரு வெட்டவெளி. அந்த வெளி முழுவதும் பெரிதும் சிறிதுமாக நட்டுவைத்த கற்கள். மொத்தம் 17,000 கற்கள் என்று எழுதியிருந்தாள். இடத்தின் பெயர் திரெப்ளிங்கா. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் இலட்சக்கணக்கான யூத மக்களைப் புகையிரதங்களில் கொண்டுவந்து கொன்ற இடம் அது. சில கற்களில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. பல கற்களில் ஒன்றுமே இல்லை. ஒரேயொரு கல்லில் மட்டும் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. அவருடைய பெயரோடு பிள்ளைகளையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

மாமா ஆசிரியர்தானே, இவரைத் தெரியுமா என்று கேட்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் வன்னியில் படிப்பித்தவன் நான். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பெஸ்டலோசியைப் படித்தேன், மொண்டிசோரியைப் படித்தேன். இந்த மனிதரை எவரும் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். 80 வருடங்களுக்கு முன்னர் வார்சோ நகரத்தில் நடந்தவை எனக்குத் தூரத்துச் சம்பவங்களாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்களும் இவரை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரே மொழி, மூன்று விதப் பள்ளிகள்

யானுஷ் கோர்ச்சாக் என்பது புனைபெயர். ஒரு நாவலின் பாத்திரத்திலிருந்து எடுத்த பெயர். சொந்தப் பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்சோவில் ஒரு யூதக் குடும்பத்தில் யூலை 22ஆம் திகதி பிறந்தார். வருடம் 1878 ஆகவும் இருக்கலாம், 1879 ஆகவும் இருக்கலாம். தகப்பன் ஒரு சட்டத்தரணி. ஆனாலும் மகனின் பிறப்பைப் பதியாமல் காலந்தாழ்த்திவிட்டார். கடைசிவரை தன்னுடைய வயது கோர்ச்சாக்குக்கே நிச்சயமில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்காகக் கச்சேரி வாசலில் நின்ற எங்களில் பலருக்கு இது விளங்கும்.

அவர் பிறந்தபோது போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் இருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. மக்கள் பேசியது ஒரே மொழி. ஆனால் ஒரு பிள்ளை எந்தப் பங்கில் பிறந்தது என்பதைப் பொறுத்து அதன் பள்ளிக்கூடம் மாறியது.

ஒஸ்திரியாவின் பங்கில் கிராகோ, லுவோவ் ஆகிய நகரங்களில் சிறு வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம்வரை போலிஷ் மொழியிலேயே படிக்க முடிந்தது. பிரஷ்யாவின் பங்கில் ஜேர்மன் மொழி திணிக்கப்பட்டது. 1901 இல் வ்ஷெஷ்னியா என்ற சிறிய ஊரில் சமய பாடத்தைக்கூட ஜேர்மனில்தான் படிக்கவேண்டும் என்றார்கள். பிள்ளைகள் வாய் திறக்க மறுத்தார்கள். ஆசிரியர்கள் பிரம்பால் அடித்தார்கள். அதை எதிர்த்த பெற்றோரில் சிலர் சிறைக்குப் போனார்கள். ரஷ்யாவின் பங்கில், அதாவது கோர்ச்சாக் வளர்ந்த வார்சோவில், படிப்பு ரஷ்ய மொழியில் நடந்தது. பள்ளிக்குள் சொந்த மொழியில் கதைத்தால் தண்டனை.

சிறு வயதில் முதலில் சேர்ந்த பள்ளியில் ஒரு பையனைப் பிரம்பால் அடித்ததை அவர் கண்டார். அந்தப் பயம் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. பிறகு ரஷ்ய மொழி உயர்பள்ளியில் படித்தார். அக்காலத்தில் தகப்பனுக்கு மனநோய் வந்தது. வைத்தியச் செலவில் வீட்டிலிருந்தவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 1896 இல் தகப்பன் இறந்தார். பள்ளி மாணவனாக இருந்துகொண்டே பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்துத் தாயையும் சகோதரியையும் பார்த்துக்கொண்டார்.

பள்ளிக் கதவு மூடப்பட்ட இடங்களில் மக்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். வார்சோவில் அப்படி உருவானதுதான் பறக்கும் பல்கலைக்கழகம். அதற்குக் கட்டடம் இல்லை. இன்று ஒரு வீட்டில் வகுப்பு என்றால் நாளை இன்னொரு வீட்டில். பொலிஸ் வரும் என்ற பயம் எப்போதும் இருந்தது. பெண்களுக்கு வார்சோப் பல்கலைக்கழகத்தில் இடமில்லாத காலம் அது. பிற்காலத்தில் இரண்டு நோபல் பரிசுகளை வென்ற மரி கியூரியும் பாரிசுக்குப் போகுமுன் அந்த இரகசிய வகுப்புகளில் படித்தவர்தான். இளைஞரான கோர்ச்சாக்கும் அந்த வட்டத்தோடு சேர்ந்தார். படிப்பு என்பது அரசாங்கம் தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை என்ற எண்ணம் அவரிடம் வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வைத்தியசாலையிலிருந்து பிள்ளைகள் இல்லத்துக்கு

1898 இல் மருத்துவம் படிக்கத் தொடங்கி 1905 இல் வைத்தியரானார். பட்டம் பெற்ற கையோடு ரஷ்ய இராணுவம் அவரை ஜப்பானுடனான போருக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரிப் புகையிரதத்தில் காயக்காரரைப் பராமரித்தார். திரும்பி வந்து வார்சோவில் சிறுவர் வைத்தியசாலை ஒன்றில் ஏழு வருடங்கள் வேலை செய்தார். பணக்காரர் வீடுகளுக்குப் போனால் நன்றாகக் காசு வாங்குவார். ஏழைகளிடம் வாங்கமாட்டார். எழுத்தாளராகவும் பெயர் பெற்றுவிட்டார். அந்த நகரத்தில் வசதியாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் வைத்தியசாலையில் சுகமாகிப் போன பிள்ளை சில வாரங்களில் அதே நோயோடு திரும்பி வந்தது. ஈரமான நிலவறை வீடு, போதாத சாப்பாடு, அடி. மருந்து கொடுத்து இவற்றை மாற்ற முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார். கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அழைத்துச் செல்லும் முகாம்களிலும் வேலை செய்தார். முதல் முறை போனபோது பிள்ளைகளைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் திணறினார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். பேர்லின், பாரிஸ், லண்டன் என்று போய் அங்குள்ள ஆஸ்பத்திரிகளையும் பிள்ளைகள் இல்லங்களையும் பார்த்தார். கலியாணம் செய்து சொந்தப் பிள்ளை பெறுவதில்லை, பிறர் பிள்ளைகளுக்காகவே வாழ்வது என்று லண்டனில்தான் முடிவெடுத்தார்.

1912 இல் வார்சோவின் க்ரோக்மால்னா வீதி 92ஆம் இலக்கத்தில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. நூறு பிள்ளைகள் வரை இருந்தார்கள். பொறுப்பு கோர்ச்சாக்கிடம். அவரோடு சமமாக நின்று அந்த இல்லத்தை நடத்தியவர் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா. பெல்ஜியத்தில் இயற்கை விஞ்ஞானம் படித்துவிட்டு வந்த 26 வயதுப் பெண். கோர்ச்சாக்கின் பெயர் உலகம் முழுவதும் தெரிந்த அளவுக்கு இவருடைய பெயர் தெரியவில்லை. ஆனால் விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி, தலை சீவி, சட்டை தைத்து, இரவில் காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். பிள்ளைகள் இல்லங்களில் வேலை செய்த எங்கள் அக்காமாரை நினைத்துக்கொண்டேன்.

புதுக் கட்டடத்தில் மின்சாரமும் குளியலறையும் இருந்தன. முதல் வருடம் மட்டும் படுமோசம். தெருவில் வளர்ந்த பிள்ளைகள் ஒழுங்குக்கு வர மறுத்தார்கள். அடித்துப் பணியவைப்பது இலகு. அவர் வேறு வழி எடுத்தார்.

ஆசிரியரையும் விசாரித்த நீதிமன்றம்

அந்த இல்லத்தில் பிள்ளைகளே நடத்திய ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகளும் பிள்ளைகள்தான். அந்த வாரம் தன்மீது வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுப் போட்டு எடுப்பார்கள். யாரும் யார்மீதும் வழக்குப் போடலாம். ஒருவன் என் பென்சிலை எடுத்துவிட்டான், ஒருத்தி என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், இப்படி எதுவாகவும் இருக்கலாம். சட்டப் புத்தகத்தையும் கோர்ச்சாக்கே எழுதினார். அதன் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்புப் பற்றியவை. தெரியாமல் செய்தான், வருந்துகிறான், இனிச் செய்யமாட்டான் என்று மன்னிக்கும் பிரிவுகள். பிறகு 100, 200, 300 என்று படிப்படியாகக் கடுமை கூடும். கடைசிப் பிரிவான 1000 வந்தால்தான் இல்லத்திலிருந்து விலக்குவார்கள். அப்படி விலக்கப்பட்ட பிள்ளையும் மூன்று மாதத்தின் பின் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

ஆசிரியர்மீதும் வழக்குப் போடலாம் என்பதுதான் இதில் பெரிய விடயம். கோர்ச்சாக்கையே ஆறு மாதத்துக்குள் ஐந்து முறை அந்த நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஒரு பையனின் காதைப் பிடித்துத் தண்டித்தது, ஒரு பிள்ளையை மூலையில் நிற்கவைத்தது, செய்யாத களவுக்கு ஒரு சிறுமியைச் சந்தேகப்பட்டது போன்ற குற்றங்கள். அவர் போய் நின்று பதில் சொன்னார். அந்த ஆறு மாதம் தனக்கு நல்ல ஆசிரியராக இருக்கக் கற்றுத்தந்தது என்று பின்னர் எழுதினார்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

2009 இல் நாங்கள் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் இருந்தோம். தறப்பாள் கூடாரம் ஒன்றில் வகுப்பு நடத்தினோம். கரும்பலகை இல்லை, கதிரை இல்லை. இருந்த ஆசிரியர்களும் யாரையோ இழந்துவிட்டு வந்தவர்கள். அப்படியிருந்தும் நடத்தினோம். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் ஒரு பையன் ஒவ்வொரு நாளும் பிந்தி வந்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளை. ஏன் பிந்தினாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ எனக்குக் கோபம் வந்து, கையிலிருந்த தடியால் அடித்துவிட்டேன். அன்று பின்னேரம் அவனுடைய வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து சொன்னாள். தாய் இல்லை, தகப்பனைப் பற்றித் தகவல் இல்லை. அம்மம்மாவுக்கு நடக்க முடியாது. விடியற்காலையிலிருந்து பவுசர் வரும் இடத்தில் வாளியோடு வரிசையில் நின்று, தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவன் பாடசாலைக்கு வருகிறான்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பிந்தி வந்தால் பேசாமல் விட்டேன். அவ்வளவுதான். ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது என்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. வார்சோவில் இருந்திருந்தால் அவன் என்மீது ஒரு வழக்குப் போட்டிருப்பான். நான் எழுந்து நின்று காரணம் சொல்லியிருக்கவேண்டும். தோற்றும் இருப்பேன்.

கோர்ச்சாக் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதற்காக இதைச் செய்யவில்லை. அவருடைய பிள்ளைகள் நீதி என்ற ஒன்றை வெளியே கண்டதில்லை. பலமுள்ளவன் எடுப்பான், பலமில்லாதவன் அழுவான் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த உலகம். பிள்ளை நாளைக்கு மனிதராகப் போகிற ஒன்று அல்ல, இன்றைக்கே மனிதர் என்பது அவருடைய அடிப்படை எண்ணம். படித்து ஆளானபின் மதிப்புக் கிடைக்கும், அதுவரை பொறு என்று சொல்வது அவருக்கு உடன்பாடில்லை.

பிள்ளைகள் எழுதிய பத்திரிகை

முதலாம் உலகப் போர் வந்ததும் மறுபடி இராணுவத்துக்கு எடுத்தார்கள். இல்லத்தை ஸ்டெஃபானியா பார்த்துக்கொண்டார். போர்முனை வைத்தியசாலையில், காயக்காரர் வந்து குவிவதற்கு இடைப்பட்ட நேரங்களில், பிள்ளைகள்மீது அன்பு செலுத்துவது எப்படி என்ற தன்னுடைய முக்கியமான நூலை எழுதினார். போலந்து சுதந்திரம் பெற்றபின் ஊர் திரும்பினார். அடுத்து வந்த போலந்து-சோவியத் போரிலும் வைத்தியராக இருந்தபோது அவருக்கு டைபஸ் காய்ச்சல் வந்தது. பராமரித்த தாய்க்கும் அது தொற்றி, தாய் இறந்துபோனார். அந்தக் குற்ற உணர்வு அவரை நீண்ட காலம் வாட்டியது.

சுதந்திரப் போலந்து 1919 இல் ஏழு வருடக் கட்டாயக் கல்வியைச் சட்டமாக்கியது. கோர்ச்சாக்கின் பிள்ளைகளும் பகலில் நகரப் பள்ளிகளுக்குப் போய்வந்தார்கள். மரியா ஃபால்ஸ்கா என்ற பெண்மணியோடு சேர்ந்து போலந்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான இன்னோர் இல்லத்தையும் அவர் வழிநடத்தினார். மட் என்ற சிறுவன் அரசனாகும் கதையை எழுதினார். அது பல மொழிகளுக்குப் போனது.

1926 ஒக்டோபரில் அவர் தொடக்கிய சிறுவர் பத்திரிகைதான் என்னை அதிகம் வியக்கவைத்தது. யூத சமூகத்தின் நாளிதழ் ஒன்றோடு வெள்ளிக்கிழமைகளில் வெளிவந்த இணைப்பு அது. பெயர் சின்ன விமர்சனம். பெரியவர்கள் பிள்ளைகளுக்காக எழுதும் பத்திரிகை அல்ல. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பிள்ளைகளே எழுதினார்கள். எழுதத் தெரியாத பிள்ளை வந்து சொன்னால் எழுதியெடுக்கவும் ஏற்பாடு இருந்தது. ஒழுங்காக எழுதிய பிள்ளைகளுக்குச் சிறு சன்மானமும் கொடுத்தார்கள். பள்ளியில் ஆசிரியர் அவமதித்தது, வீட்டில் பசி, பிறந்தநாளுக்குக் கிடைத்த பரிசு, எல்லாம் அதில் வந்தன. 13 வருடங்கள் நடந்தது. கடைசி இதழ் 1939 செப்டெம்பர் 1ஆம் திகதி வெளிவந்தது. அன்று காலைதான் ஜேர்மன் படைகள் போலந்துக்குள் நுழைந்தன.

அதற்கு முன்பே காலநிலை மாறிவிட்டது. 1930களில் போலந்திலேயே யூதர்கள்மீதான வெறுப்பு வளர்ந்தது. வானொலியில் கோர்ச்சாக் பேசிய நிகழ்ச்சியை நாடு முழுவதும் கேட்டார்கள். ஆனால் யூதர் என்று தெரியாமலிருக்க, பெயர் சொல்லாமல் வயதான வைத்தியர் என்றே அவரை அறிமுகப்படுத்தினார்கள். பிறகு அதையும் நிறுத்தினார்கள். சில வருடங்களின் பின் திரும்பவும் பேசவிட்டார்கள். 1937 இலிருந்து பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களைத் தனி வாங்குகளில் இருக்கச் சொன்னார்கள். பலர் அதில் இருக்க மறுத்து, விரிவுரை முடியும்வரை நின்றுகொண்டே படித்தார்கள். நாடு சுதந்திரமடைந்தாலும் பள்ளிக் கதவு எல்லோருக்கும் ஒரேமாதிரித் திறப்பதில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

படிப்பைத் தடைசெய்த ஆட்சி

ஜேர்மன் ஆட்சி வந்ததும் கல்விமீது திட்டமிட்டுக் கை வைத்தார்கள். 1939 நவம்பர் 6ஆம் திகதி கிராகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கூட்டம் என்று அழைத்துக் கைதுசெய்து வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். போலந்துப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியும் தொழிற்பள்ளியும் மட்டும். உயர்பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. இந்த மக்கள் 500 வரை எண்ணவும் பெயர் எழுதவும் எசமானுக்குப் பணியவும் தெரிந்திருந்தால் போதும் என்பது ஹிம்லர் 1940 இல் எழுதிய குறிப்பின் சாரம். யூதப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியும் இல்லை.

மக்கள் மறுபடி வீடுகளுக்குள் வகுப்பு நடத்தினார்கள். கோர்ச்சாக்கின் இளமைக் காலத்துப் பறக்கும் பல்கலைக்கழகம் இன்னொரு வடிவில் திரும்பியது. இந்த முறை பிடிபட்டால் வதைமுகாம், அல்லது மரணம்.

1940 நவம்பரில் வார்சோவின் யூதர்களை ஒரு மதிலுக்குள் அடைத்தார்கள். நாலு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் சில சதுரக் கிலோமீற்றருக்குள் நெருக்கப்பட்டார்கள். க்ரோக்மால்னா வீதி இல்லம் மதிலுக்கு வெளியே போனது. பிள்ளைகள் உள்ளே போகவேண்டும். இடம்பெயரும்போது பிள்ளைகளுக்கென்று கொண்டுபோன உருளைக்கிழங்கு வண்டியைப் பறித்துவிட்டார்கள். கோர்ச்சாக் நேரே ஜேர்மன் அலுவலகத்துக்குப் போய்த் திருப்பிக் கேட்டார். யூதர்கள் கட்டவேண்டிய கைப்பட்டியையும் அவர் கட்டியிருக்கவில்லை. அடித்துச் சிறையில் போட்டார்கள். ஒரு மாதமளவில் பிணையில் வந்தபோது உடல்நிலை கெட்டிருந்தது.

பிறகும் அவர் கோப்பைக்கும் சாக்குக்கும் ஓய்வு கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கேட்டார். தெருவில் பட்டினியால் செத்தவர்களின் உடல்கள் கிடந்தன. அவருடைய நாட்குறிப்பில் ஒரு காட்சி வருகிறது. தெருவோரம் ஒரு சிறுவன் கிடக்கிறான். உயிரோடு இருக்கிறானோ, இறந்துவிட்டானோ தெரியாது. பக்கத்தில் மூன்று பையன்கள் குதிரை ஓட்டி விளையாடுகிறார்கள். கயிறு சிக்குப்படுகிறது. கிடப்பவன் இடைஞ்சலாக இருக்கிறான் என்று தள்ளிப்போய் விளையாட்டைத் தொடர்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பங்கர் வாசலில் விளையாடியதைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

அந்த மதிலுக்குள்ளும் இல்லத்தின் ஒழுங்கு குலையவில்லை. பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ இருநூறானது. பாடங்கள் நடந்தன. நீதிமன்றம் கூடியது. இல்லப் பத்திரிகையை வாசித்தார்கள். பிள்ளைகளை நிறுத்து எடை குறித்தார்கள். எதற்காக என்று கேட்கத் தோன்றும். நாளை என்பது நிச்சயமில்லாத இடத்தில் படிப்பு எதற்கு? கோர்ச்சாக்கின் வாழ்க்கையில் அதற்குப் பதில் இருக்கிறது. படிப்பு நாளைய உத்தியோகத்துக்கு மட்டுமானது என்றால் அங்கே அது வீண். பிள்ளையின் இன்றைய நாளும் ஒரு முழு நாள் என்றால், அந்த நாளில் ஒரு கணக்கும் ஒரு பாட்டும் ஒரு நியாயமான தீர்ப்பும் இருக்கவேண்டும்.

1942 யூலை 18ஆம் திகதி பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். அது தாகூர் எழுதிய தபாலகம். நோயால் அறைக்குள் அடைபட்ட அமல் என்ற சிறுவன் சன்னலால் வெளியுலகத்தைப் பார்த்து, அரசனின் கடிதத்துக்காகக் காத்திருந்து, அமைதியாகக் கண்மூடும் கதை. எங்கள் பக்கத்து நாட்டில், மரத்தடியில் பள்ளி நடத்திய ஒரு கவிஞரின் நாடகம் அந்த மதிலுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு வரப்போவதை அமைதியாக எதிர்கொள்ளப் பழக்குவதற்காகவே அதைத் தெரிவுசெய்தார் என்று சொல்லப்படுகிறது.

நான்கு நாள் கழித்து, யூலை 22ஆம் திகதி, வார்சோ யூதர்களைத் திரெப்ளிங்காவுக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. அன்று அவருடைய பிறந்தநாள். யூத நிர்வாகத் தலைவராயிருந்த செர்னியாகோவ் அநாதைப் பிள்ளைகளையாவது விட்டுவிடும்படி கேட்டுப் பார்த்தார். முடியவில்லை. அடுத்த நாள் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார்.

ஓகஸ்ட் 5ஆம் திகதியோ 6ஆம் திகதியோ, காலைச் சாப்பாட்டு நேரத்தில் இல்லத்துக்கு வந்தார்கள். கோர்ச்சாக்கைத் தப்பவைக்க நண்பர்கள் முன்னரே பலமுறை முயன்றிருந்தார்கள். மதிலுக்கு வெளியே போக அடையாள அட்டை கொண்டுவந்து கொடுத்தவரும் உண்டு. அவர் மறுத்துவிட்டார். ஸ்டெஃபானியா போருக்கு முன்னர் பலஸ்தீனத்தில் பாதுகாப்பாக இருந்தவர். 1939 இல் பிள்ளைகளிடம் திரும்பி வந்தார். அவரும் போகவில்லை. மற்ற ஆசிரியர்களும் போகவில்லை. ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் நல்ல உடுப்புப் போட்டு வரிசையாக நடந்தார்கள். கோர்ச்சாக் பிள்ளைகளோடு முன்னால் நடந்தார். அந்த வெப்பமான நாளில் வீதியோரத்தில் நின்று கண்டவர்கள் பிறகு எழுதியதால்தான் எங்களுக்கு இது தெரியும். புகையிரதம் திரெப்ளிங்காவுக்குப் போனது. எவரும் திரும்பவில்லை.

அவருடைய நாட்குறிப்பை வெளியே கொண்டுபோய், ஃபால்ஸ்காவின் இல்லச் சுவருக்குள் வைத்துக் கட்டிக் காப்பாற்றினார்கள். போருக்குப்பின் அது நூலாக வந்தது.

எஞ்சியது

1978 இல், பிள்ளைகளின் உரிமைக்கு ஒரு சர்வதேசச் சட்டம் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் முதலில் வரைவு கொடுத்த நாடு போலந்து. கோர்ச்சாக்கின் எண்ணங்கள் அதற்கு ஒரு தூண்டுதல். 1989 இல் சிறுவர் உரிமைச் சமவாயம் நிறைவேறியது. அதன் 28ஆம் உறுப்புரை கல்வியை ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமையாக்கியது. இலங்கை அதை 1991 யூலையில் ஏற்றுக்கொண்டது. அதே மாதம் ஆனையிறவில் பெருஞ்சமர் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னும் 18 வருடங்கள் எங்கள் பிள்ளைகள் மரத்தடியிலும் கோவில் மண்டபத்திலும் தறப்பாளின் கீழும் படித்தார்கள். படிக்க முடியாமல் போனவர்களும் எத்தனையோ பேர்.

கோர்ச்சாக்கைத் தியாகியாக மட்டும் நினைவுகூர்வது எனக்குப் போதவில்லை. அவர் கடைசி நாளில் பிள்ளைகளோடு போனது பெரிய விடயம்தான். அதற்கு முந்திய முப்பது வருடங்களும் அவர் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும் அதேயளவு பெரிய விடயம். அந்த முப்பது வருடம் இல்லாமல் அந்தக் கடைசி நாள் இல்லை.

இன்று எங்கள் ஊர்களில் பாடசாலைக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. புலமைப்பரிசிலில் எத்தனை பேர், மருத்துவபீடத்துக்கு எத்தனை பேர் என்று பதாகை கட்டுகிறோம். போருக்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சியது படிப்புத்தானே என்று நானும் பிள்ளைகளை விரட்டினேன். அவர்கள் என்ன கண்டார்கள், யாரை இழந்தார்கள், காலையில் எங்கே நின்றுவிட்டு வருகிறார்கள் என்று கேட்டது குறைவு. கேட்டால் பாடத்திட்டம் முடியாது என்று நினைத்தேன்.

அந்தப் பையனின் குடும்பம் முகாமிலிருந்து எந்த ஊருக்கு மீளக்குடியமர்ந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது முப்பது வயதை நெருங்கியிருப்பான். அவனுக்கும் பாடசாலை போகிற பிள்ளை இருக்கலாம். இதை அவன் வாசிக்க நேர்ந்தால், நான் அன்று செய்தது பிழை. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. என்மீது வழக்குப் போடுகிற உரிமை அவனுக்கு இன்றும் உண்டு.